சுண்ணாம்புத் தூளில் காலடி

பால் பண்ணையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. பால் கறக்கிறவர்கள், சாணம் அள்ளுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. தீவன அறையின் சாவி எப்போதும் இடுப்பில் இருக்கும். குளிக்கும்போது மட்டும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள் என்று அவள் கணவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அது பாதிதான் பொய்.

பண்ணையில் நாற்பத்திரண்டு மாடுகள். மாட்டுக் கொட்டகைக்கு எதிரே, நடுவில் சிமெண்டு முற்றம் விட்டு, தீவன அறை. செங்கல் சுவர், தகரக் கூரை, வெளிப்பக்கமாகத் திறக்கிற ஒரே கதவு. உள்ளே தவிடு, உடைத்த மக்காச்சோளம், புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தாது உப்பு. மூலையில் சர்க்கரைப் பாகு டிரம். தீவனம் கலக்கும்போது மாடுகள் விரும்பித் தின்பதற்காக ஊற்றுவது. பக்கத்தில் புண்ணாக்கு ஊறவைக்கிற சிமெண்டுத் தொட்டி. இத்தனையையும் ஒரே கூரையின் கீழ் அடுக்கிவைத்துவிட்டு, மாட்டைத் தவிர யாரும் வாய் வைக்கக் கூடாது என்றால் யார் கேட்பார்கள்? எலி கேட்காது, பெருச்சாளி கேட்காது, புறாவும் அணிலும் வண்டும் அந்துப்பூச்சியும் கேட்கவே கேட்காது. கேட்கவைப்பதுதான் சாவியக்காவின் வேலை.

அதற்கு அவளிடம் தந்திரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வேலையையும் நாளைக்கு என்று தள்ளிப்போட மாட்டாள், அவ்வளவுதான். மூட்டைகள் தரையில் இருக்காது. ஒரு சாண் உயரப் பலகைகளின் மேல் இருக்கும். சுவரையும் தொடாது. “சுவருக்கும் மூட்டைக்கும் நடுவுல நான் நடந்து போகணும். நான் போக முடியாத இடத்துல எலி குடித்தனம் வச்சிடும்” என்பாள். பதினோரு வருடத்தில் அவள் கொஞ்சம் உடம்பு போட்டதில் அந்த இடைவெளியும் சேர்ந்து அகலமாகிவிட்டது. இரண்டு அடுக்கு மூட்டைக்கு இடம் குறைந்ததுதான் மிச்சம் என்று நாத்தனார் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு பிடி சோளம் சிந்தினாலும் அந்த நிமிடமே துடைப்பம் வரும். பழைய மூட்டை முன்னால், புது மூட்டை பின்னால், ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியில் தேதி. அறையைச் சுற்றிப் புல் கணுக்கால் உயரம் வளர விடமாட்டாள். கூரைப் பக்கம் கை நீட்டிய மரக்கிளைகளை ஆள் வைத்து வெட்டினாள். கட்டைவிரல் நுழைகிற ஓட்டையில் எலிக்குஞ்சு நுழையும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாள் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நாலு சுவரையும் தடவிப் பார்ப்பாள். சந்தேகப்படும் இடத்தில் பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரைத் திணித்து மேலே சிமெண்டு பூசிவிடுவாள்.

“எங்க அண்ணி சுவர் பூரா கைநாட்டு வச்சுக்கிட்டு வர்றாங்க பாருங்க” என்பாள் நாத்தனார். “அறையை எழுதி வாங்கிட்டுத்தான் விடுவாங்க.”

“நீ வாளியைக் கழுவி வைடி முதல்ல. நேத்து ஒட்டின தவிடு இன்னும் அதுலயே இருக்கு.”

இந்த நாத்தனார் அவள் கணவனின் தங்கை. பண்ணையில் பால் கறக்கிறவள். கணவன் பால் வண்டி ஓட்டுகிறான். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஒரே பண்ணையில் வேலை செய்வதால், வீட்டில் பேச ஆரம்பித்த சண்டையை முற்றத்தில் முடிப்பார்கள். முற்றத்தில் ஆரம்பித்த சிரிப்பை வீட்டில் முடிப்பார்கள்.

சாவியக்காவுக்கே உரிய ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் அறையைப் பூட்டுவதற்கு முன், கதவுக்கு உட்புறம், வாசற்படியை ஒட்டி, சல்லடையால் ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்புத் தூள் சலிப்பாள். கொட்டகைத் தரைக்குப் போடுகிற அதே தூள்தான். வெளியே போட்டால் காற்று அள்ளிக்கொண்டு போகும், இல்லையென்றால் பனியில் நனைந்துவிடும், அதனால் உள்ளே. காலையில் கதவைத் திறந்ததும் அவள் கண் முதலில் அந்த வெள்ளைப் பட்டையில்தான் விழும். பல் துலக்கிவிட்டுச் செய்தித்தாள் பார்க்கிறவர்கள் உண்டல்லவா, அப்படி. எலி வந்தால் வால் இழுத்த கோடு இருக்கும். பூனை நகத்தை மடக்கிக்கொண்டு நடக்கும். நாலு விரல்தான் பதியும். பெரும்பாலான நாட்களில் அந்தச் செய்தித்தாளில் செய்தியே இருக்காது. அன்றைக்கெல்லாம் அவளுக்கு டீ கூடக் கொஞ்சம் இனிப்பாக இருக்கும்.

இந்தச் சாவி அவள் கைக்கு வந்ததற்கு ஒரு கன்றுக்குட்டி காரணம். அப்போது அவளும் பால் கறக்கிறவள்தான். தீவன அறை வேறொருவர் பொறுப்பில் இருந்தது. அவர் நல்ல மனுஷர். எலியைக் கண்டால் மட்டும் பொறுக்காது. மூலைக்கு மூலை விஷக் கட்டி வைத்தார். எலி அதைத் தின்றது, தின்றது போக ஒரு துண்டை இழுத்துக்கொண்டு போய்த் தவிட்டு மூட்டைக்குள் ஒளித்துவைத்தது. மறுநாள் அந்தத் தவிட்டை அள்ளிக் கன்றுக்குப் போட்டது சாவியக்காதான். மூன்று மாதக் கன்று; நெற்றியில் வெள்ளை. அவள் மடியில் தலை வைத்துக்கொண்டுதான் போனது. பண்ணைக்காரர்கள் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவள் முதலாளியம்மாவின் எதிரே போய் நின்று, “அந்த அறையை என்கிட்ட குடுங்க. ஆனா அதுக்குள்ள விஷம் வரக் கூடாது” என்றாள்.

முதலாளியம்மா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாடு வளர்க்க வந்தவர். பண்ணை முழுக்க அவர் டீச்சர்தான். மாடுகள்கூட அவர் வந்தால் வரிசையாக நிற்கும் என்று பேச்சு. அன்றைக்கு அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “விஷம் இல்லாம எலியை நிறுத்திடுவியா?” என்றார்.

“நிறுத்திடுவேன் டீச்சர்.”

“நிறுத்துற வரைக்கும் சாவி உன்கிட்ட இருக்கட்டும்.”

பதினோரு வருடமாக இருந்தது. அந்தப் பதினோரு வருடத்துக்கும் ஒரு சோதனை இந்தக் கோடையின் முடிவில் வந்தது.

முதலில் ஒரு நாள் காலை, தவிட்டு மூட்டையின் மேல் எச்சம் கிடந்தது. எலிப் புழுக்கை இல்லை. விரல் நீளத்துக்கு, பழக்கொட்டை கலந்து. சுண்ணாம்புப் பட்டையில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் வந்த ஆள் கதவுப் பக்கமே வரவில்லை, மேலே எங்கேயோ வழி இருக்கிறது. நான்கைந்து நாள் இதே கதை. வந்த ஆள் பெரிதாக ஒன்றும் கெடுக்கவில்லை. பாகு டிரம்மின் வெளிப்பக்கம் வழிந்திருந்ததை நக்கிவிட்டு, மூட்டைமேல் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சாவியக்கா எச்சம் பட்ட தவிட்டை அள்ளிக் குழியில் கொட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

புதன்கிழமை பகலில் கண்டுபிடித்தும்விட்டாள். கூரைத் தகரம் அலை அலையாக வளைந்து சுவரில் உட்காருகிற இடத்தில், பின்பக்க மூலையில், பழைய பூச்சு உதிர்ந்து ஒரு கை நுழைகிற சந்து. அதன் விளிம்பில் சாம்பல் நிறத்தில் நாலு முடி.

ஏணி போட்டு ஏறி, கம்பி வலையை மடித்துத் திணித்து, சிமெண்டு பூசி, காய்கிற வரைக்கும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நாத்தனாரிடம் சொன்னாள்: “இனிமே காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்.”

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது பாகு டிரம்மின் மூடி தரையில் கிடந்தது.

டிரம்மைச் சுற்றிப் பிசுபிசுவென்று கால் தடம். மக்காச்சோள மூட்டை ஒன்று வயிறு கிழிந்து கிடந்தது. ஊறவைத்த புண்ணாக்குத் தொட்டியின் விளிம்பெல்லாம் ஈரம். அவளுக்குப் பின்னால் கறவைக்குத் தீவனம் அள்ள வந்த நாத்தனாரும் இன்னும் இரண்டு பேரும் வாளியோடு உள்ளே நுழைந்து, சுண்ணாம்புப் பட்டையில் இருந்ததை மிதித்துக் கலைத்துவிட்டார்கள். ஓரத்தில் ஒரே ஒரு தடம் மிச்சமிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஐந்து விரல், ஒவ்வொரு விரலுக்கு முன்னாலும் நகம் குத்திய புள்ளி.

“மரநாய்” என்றாள்.

“நாயா?” என்றாள் நாத்தனார்.

“நாயில்லடி. பேருதான் நாய். பூனை உடம்பு, கீரி மூஞ்சி, மரத்துல ஏறும். இனிப்புன்னா உயிரை விடும்.”

“நம்ம அண்ணன் மாதிரின்னு சொல்லுங்க.”

சாவியக்கா சிரிக்கவில்லை. வழியை அடைத்த பிறகு எப்படி வந்தது என்பதே அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்று பகல் முழுக்கத் தேடி, கதவின் அடியில் அரை விரல் இடைவெளி இருப்பதைக் கண்டு, அதற்கு ஒரு தகரப் பட்டை அடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு மூட்டை கிழிந்திருந்தது. காற்றுச் சன்னலுக்கு இருந்த வலையின் மேல் இன்னொரு வலை அடித்தாள். சனிக்கிழமை, டிரம் மூடிமேல் அவள் வைத்த செங்கல் தரையில் உடைந்து கிடந்தது. அவள் அடைக்க அடைக்க, உள்ளே சேதம் கூடிக்கொண்டே போனது.

மாடுகளும் சும்மா இருக்கவில்லை. மரநாய்க்கு ஒரு வாடை உண்டு. அது பட்ட தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு ஆறு மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. காலைக் கறவை குறைந்தது. டீச்சர் கொட்டகைக்கு வந்தார், தொட்டியைப் பார்த்தார், தீவன அறைக்கு வந்தார், கிழிந்த மூட்டையைப் பார்த்தார்.

“எத்தனை நாளா இது?”

“ஓட்டையை அடைச்சதுக்கு அப்புறம்தான் டீச்சர் அதிகமாயிடுச்சு.”

“அடைச்சதுக்கு அப்புறம் அதிகமா?”

“ஆமா.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்குத் தப்பாக வருகிற பிள்ளையின் நோட்டைப் பார்க்கிற முகம். “இங்க பாரும்மா. வனத்து மிருகம் தீவனத்துல வாய் வச்சா மாட்டுக்கு என்ன நோய் வரும்னு உனக்கே தெரியும். நாற்பத்திரண்டு உயிரை வச்சுக்கிட்டு நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. மருந்துக்காரரைத் திங்கக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்கேன்.”

“டீச்சர், அந்த ரூமுக்குள்ள விஷம் வேணாம்.”

“எனக்கு மட்டும் ஆசையா?”

“மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாயிடும் டீச்சர்.”

“சரி, திங்கக்கிழமை காலையில கதவைத் திறக்கும்போது அந்தச் சுண்ணாம்புல கால் தடம் இல்லைன்னா, அவரை டீ குடுத்து அனுப்பிடுறேன். இருந்துச்சுன்னா அவர் வேலையை அவர் பார்ப்பார். நீ குறுக்க நிக்கக் கூடாது.”

சாவியக்கா தலையாட்டினாள். விஷம் உள்ளே வருகிற அன்றைக்கு இந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் கோபம் இல்லை. விஷம் இருக்கிற அறையிலிருந்து இன்னொரு முறை அவள் கையால் தவிடு அள்ள முடியாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சமையல் நடந்தது. சாவியக்காவின் மனம் அதில் இல்லை. கணவன் வண்டியைக் கழுவிவிட்டு வந்து, தட்டைப் பார்த்துவிட்டு, “உப்பை மரநாய் தூக்கிட்டுப் போயிடுச்சா?” என்றான்.

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு.”

“விளையாட்டு இல்லம்மா. நானும் யோசிச்சேன். கதவு பூட்டியிருக்கு. கூரை அடைச்சாச்சு. சன்னல்ல ரெண்டு வலை. அப்போ அது எப்படி வருது?”

“பேயா இருக்குமோ?” என்றாள் நாத்தனார், பக்கத்து அறையிலிருந்து துணி மடித்துக்கொண்டே.

“பேய்க்கு எதுக்குடி புண்ணாக்கு?”

“அதுவும் சரிதான். பால் கறக்கிற பேயா இருந்தா எனக்கு ஒரு துணையாச்சு.”

கணவன் சிரித்துவிட்டு, உப்பில்லாததையே சாப்பிட்டு முடித்தான். எழுந்து கை கழுவும்போது சொன்னான்: “நாளைக்கு நீ மட்டும் முன்னாடியே போயித் திற. இந்தக் கூட்டம் வந்து மிதிக்கிறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படி. ஓரத்துல ஒரு எழுத்தைப் பார்த்துட்டுக் கதையே தெரிஞ்ச மாதிரி ஓடிட்டு இருக்கே.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அவள் மட்டும் போனாள். பூட்டைத் திறந்து, கதவை மெல்ல வெளிப்பக்கம் இழுத்து, உள்ளே கால் வைக்காமல் முற்றத்திலேயே குப்புறப் படுத்தாள். தாடையை வாசற்படியில் ஊன்றிக்கொண்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தாள். பதினோரு வருடத்தில் அந்தப் பட்டையை அவள் நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் பார்த்திருக்கிறாளே தவிர, இப்படிப் படுத்துப் பார்த்ததில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் ஒவ்வொரு தடமும் குட்டிப் பள்ளமாக எழுந்து நின்றது.

நகப் புள்ளிகள் அவளைப் பார்த்து இருந்தன.

உள்ளே வருகிற மிருகத்தின் நகம் அறையின் உட்பக்கம் பார்க்க வேண்டும். இவை கதவைப் பார்த்தன. அறைக்குள்ளிருந்து வந்து, வாசற்படியருகே குழம்பி, சுற்றி, திரும்பவும் உள்ளே போயிருந்தன. அவள் கதவின் உட்பக்கத்தில் டார்ச் அடித்தாள். வியாழக்கிழமை அவளே அடித்த தகரப் பட்டையில், மேலிருந்து கீழாக, வரி வரியாகப் பிறாண்டல்.

சாவியக்கா எழுந்து உட்கார்ந்தாள். புடவையில் முற்றத்துத் தூசி, தாடையில் சுண்ணாம்பு. புதன்கிழமை பகல் நினைவுக்கு வந்தது. நட்ட நடுப் பகலில் ஏணி போட்டு ஏறி அவள் அந்தச் சந்தை அடைத்தாள். மரநாய் ராத்திரி அலையும், பகலில் தூங்கும். அது எங்கே தூங்குகிறது என்று அவள் யோசிக்கவே இல்லை. நாலு நாளாக அவள் வழியைத் தேடினாளே தவிர ஆளைத் தேடவில்லை. ராத்திரி வந்துபோகும் விருந்தாளியை உள்ளே வைத்துச் சிமெண்டு பூசி, கதவுக்கடியில் பட்டை அடித்து, சன்னலுக்கு இரட்டை வலை போட்டு, வேளாவேளைக்குப் பாகும் சோளமும் ஊறிய புண்ணாக்குத் தண்ணீருமாகச் சாப்பாடும் வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

உள்ளே ஓசைப்படாமல் நடந்தாள். காலிச் சாக்குகளை மடித்து அடுக்குவதற்காக உத்தரத்துக்கு அடியில் ஒரு பலகைப் பரண் உண்டு. அதன்மேல் இருந்ததெல்லாம் அவளே மடித்து வைத்த சாக்குகள். அதனால் அந்தப் பக்கம் சந்தேகமே போகவில்லை. டார்ச்சை உயர்த்தினாள். சாக்குகளின் நடுவே ஒரு குழிவு. குழிவுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சுருள். சுருளிலிருந்து ஒரு கூர்மூஞ்சி நிமிர்ந்து, மீசையில் பாகு காய்ந்து ஒட்டியிருக்க, அவளை அலுப்போடு பார்த்தது. நாலு ராத்திரியில் நன்றாக உருண்டு போயிருந்தது.

“நீயா?” என்றாள் அவள்.

அது கண்ணை மூடிக்கொண்டது.

கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தான். நாத்தனார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. நீங்க அதுக்குப் பூட்டு, காவல், சாப்பாடு எல்லாம் குடுத்திருக்கீங்க அண்ணி!”

“போதும்டி. இப்ப அதை எப்படி வெளிய அனுப்புறது?”

“சாக்கைப் போட்டு அமுக்கிடலாமா?” என்றான் கணவன்.

“கடிச்சுக் குதறிடும். இல்ல, பயத்துல நாத்தத்தைப் பீச்சியடிச்சுதுன்னா உள்ள இருக்கிற அத்தனை தீவனமும் குப்பைக்குத்தான்.”

“அப்போ?”

“அப்போ ஒண்ணும் இல்ல” என்றாள் சாவியக்கா. “கதவைத் திறந்து வைக்கணும்.”

இருட்டுகிற நேரத்தில் தீவன அறைக் கதவு திறந்திருப்பது என்பது அந்தக் குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத விஷயம்.

ஞாயிறு பகல் முழுவதும் அதற்கான ஏற்பாடு. பரணில் தூங்குகிறதை எழுப்பாமல், மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி ஓரமெல்லாம் செங்கல் வைத்தார்கள். பாகு டிரம்மின் மூடியைக் கயிறு போட்டு இறுக்கினார்கள். தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். பசித்தால்தானே வெளியே போகும். பொழுது சாய்ந்ததும் அவள் வழக்கம்போலச் சுண்ணாம்பு சலித்தாள். பிறகு கதவைப் பின்னால் இழுத்து, முழுசாகத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்தாள். முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு, மூன்று பேரும் எதிரே கொட்டகைத் திண்டில் போய் உட்கார்ந்தார்கள். பின்னால் மாடுகள் அசைபோடுகிற சத்தம்.

திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கும் தெரிந்தது. கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தடவியது.

“அண்ணி, கொஞ்சம் மூச்சு விடுங்க.”

“இந்நேரம் பெருச்சாளி எத்தனை உள்ள போச்சோ.”

“ஒண்ணும் போகல. நாங்க என்ன கண்ணை மூடிட்டா இருக்கோம்?” என்றான் கணவன்.

ஒரு தவளை மட்டும் தத்தித் தத்தி வாசற்படி வரை போனது. நாத்தனார் எழுந்து போய், “உனக்கு இங்க வேலை காலி இல்ல” என்று காலால் நகர்த்திவிட்டு வந்தாள்.

கடைசி வெளிச்சமும் வடிந்து, மாடுகளின் வெள்ளை மட்டும் தெரிகிற நேரம். உள்ளே தார்ப்பாயில் ஏதோ குதித்த சத்தம். டிரம் மூடியை யாரோ இரண்டு முறை தட்டிப் பார்க்கிற சத்தம். பிறகு அமைதி. வாசற்படியில் ஒரு நீளமான நிழல் வந்து உட்கார்ந்தது. திறந்த கதவை அது நம்பவில்லை. இடப்பக்கம் மோந்தது, வலப்பக்கம் மோந்தது, ஒருமுறை திரும்பி அறையைப் பார்த்தது. சாவியக்கா மூச்சே விடவில்லை. அது வயிறு தரையில் உரச இறங்கி, முற்றத்தைக் குறுக்கே கடந்து, வேலியடியில் மறைந்துபோனது. அவசரமே படவில்லை.

அவள் பாய்ந்து எழுந்தாள். கணவன் கையைப் பிடித்து இழுத்தான்.

“உக்காரு.”

“போயிடுச்சுங்க!”

“ஒண்ணு போயிடுச்சு. உள்ள இன்னொண்ணு இருந்தா? மறுபடியும் பூட்டி வச்சு வளர்க்கப் போறியா?”

அவள் உட்கார்ந்தாள். அந்த அரை மணி நேரம்தான் முதல் ஒரு மணி நேரத்தைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பரண், உத்தரம், மூட்டை இடுக்கு, டிரம்முக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடாமல் பார்த்தார்கள். எங்கும் எதுவுமில்லை. குழிவில் கதகதப்பு மட்டும் மிச்சமிருந்தது. அவள் அந்தச் சாக்குகளை அப்படியே அள்ளி வெளியே போட்டாள். புதிதாகச் சுண்ணாம்பு சலித்துக் கதவைப் பூட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் முன்னால் வந்தார். மருந்துக்காரர் தோளில் பையோடு பின்னால் வந்தார். சாவியக்கா கதவைத் திறந்தாள். சல்லடையிலிருந்து விழுந்தது விழுந்தபடி வெள்ளைப் பட்டை, ஒரு எறும்புத் தடம்கூட இல்லாமல் கிடந்தது.

டீச்சர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “எந்த ஓட்டை வழியா வந்துட்டு இருந்தது?”

கூரைச் சந்து என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அதோடு பேச்சு முடிந்திருக்கும். நாத்தனார் கொட்டகை வாசலிலிருந்து அப்படியே சொல்லும்படி கண்ணைக் காட்டினாள். சாவியக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“அது வெளியில இருந்து வரல டீச்சர். நான்தான் உள்ள வச்சுப் பூட்டிட்டேன். புதன்கிழமை அது பரண்ல தூங்கிட்டு இருந்தப்போ வழியை அடைச்சிட்டேன். அப்புறம் நடந்ததெல்லாம் என்னாலதான். மாடு தீனி தின்னாததும் என்னாலதான்.”

மருந்துக்காரர் முதலில் சிரித்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பலகைகளையும், சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே இருந்த பாதையையும், கம்பிநார் அடைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். வெளியே வந்து, “டீச்சர், எனக்கு இங்க வைக்க இடமே இல்ல. பத்து ரூம்ல ஒரு ரூம் இப்படி இருந்தா நான் வேற தொழில் தேடணும்” என்றார். “ஆனா ஒண்ணும்மா. இவ்வளவு இறுக்கமா அடைக்கிறவங்க, அடைக்கிறதுக்கு முன்னாடி தலையை எண்ணிடணும்.”

டீச்சர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டார். “கணக்கு தப்பாப் போட்டா அடிச்சுட்டுத் திரும்பப் போடச் சொல்லுவேன். நீயே அடிச்சுட்டு நீயே திரும்பப் போட்டுட்டே. எனக்கு என்ன வேலை?” என்று சொல்லிவிட்டு, மருந்துக்காரருக்கு டீ சொல்லப் போனார். நாலடி போனவர் திரும்பி, “சாவி உன்கிட்டதானே இருக்கு? போய்த் தீவனத்தை அள்ளு. மாடு கத்துது” என்றார்.

சாவியக்கா புது மூட்டையைப் பிரித்தாள். அன்று ஆறு மாடுகளும் முகத்தைத் திருப்பவில்லை. அவற்றில் ஒன்று தொட்டியை நக்கி முடித்துவிட்டு அவள் முந்தானையையும் ஒருமுறை நக்கிப் பார்த்தது. அங்கே நேற்றைய பாகு ஒட்டியிருந்தது போல.

அந்த வாரத்திலிருந்து பூட்டுகிற நேரத்தில் ஒரு வேலை கூடிவிட்டது. டார்ச்சைப் பரண்மேல் அடித்து, துடைப்பக் கட்டையால் தகரத்தில் நாலு தட்டுத் தட்டி, சாவியக்கா சத்தமாகக் கேட்பாள்: “உள்ள யாராவது இருக்கீங்களா?”

பண்ணைக்காரர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. ஒருநாள் மூட்டைக்குப் பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

“இருக்கேன் அண்ணி! பூட்டிட்டுப் போங்க. வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்குமாமே!”

“பாகு டிரம் பக்கம் போகாம இருந்தா தாராளமா இருடி” என்றாள் சாவியக்கா. நாத்தனார் சிரித்துக்கொண்டே வெளியே வந்ததும், இன்னொரு முறை டார்ச்சை உள்ளே சுற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.